ஒல்லாந்தர் ஊரில் சைக்கிளுக்கு வழி கிடைத்த வரலாறு



நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் படங்கள் அடிக்கடி சுற்றி வருகின்றன. கோட் போட்ட அலுவலர் ஒருவர் சைக்கிளில் போகிறார். முன்னால் பெட்டி வைத்த சைக்கிளில் பிள்ளைகளை இருத்திக்கொண்டு ஒரு தாய் போகிறார். பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடிக்காமல் மெதுவாக வருகிறது. படத்துக்குக் கீழே வரும் கருத்தும் எப்போதும் ஒன்றுதான்: "அது அவங்கட கலாசாரம், நம்மட ஊருக்குச் சரிவராது."

அந்த அமைதி அவர்களுக்குப் பிறப்போடு வந்ததல்ல. ஐம்பது வருடங்களுக்கு முன்னர் அதே வீதிகளில் கார்க்காரரும் சைக்கிள்காரரும் நேருக்கு நேர் நின்று சண்டை பிடித்தார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வீதியில் செத்தார்கள். அதன் பிறகுதான் அந்த ஊர் மாறியது. அது எப்படி நடந்தது என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

ஒல்லாந்தர் நமக்குப் புதியவர்களல்ல. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தவர்கள் அவர்கள்தான். 1658இல் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போனது. 1796இல் ஆங்கிலேயர் வரும்வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்டார்கள். வகுப்பில் நாங்கள் ஒல்லாந்தர் காலம் படிப்பிக்கும்போது கோட்டை, கறுவா, கால்வாய், சட்டம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவர்களுடைய சொந்த ஊரில் பிற்காலத்தில் நடந்த இந்த வீதி வரலாறு பாடப்புத்தகத்தில் இல்லை.

நெதர்லாந்து மட்டமான நிலம். சைக்கிள் மிதிக்க இலேசு. அதனால் இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே சைக்கிள் அங்கே சாதாரண மக்களின் வாகனமாகிவிட்டது. தொழிற்சாலைக்குப் போகிறவர், கடைச் சிப்பந்தி, பாடசாலைப் பிள்ளை என்று எல்லோரும் அதில்தான் போனார்கள். கார் பணக்காரரிடம் மட்டும் இருந்தது. அப்போதே கார் வைத்திருந்தவர்கள், சைக்கிள்காரர் வீதி முழுக்கப் பரந்து ஓடுகிறார்கள், ஒழுங்கில்லை, சட்டம் தெரியாது என்று குறை சொன்னார்கள். இன்று நமது பிரதான வீதியில் கேட்கும் அதே குறைதான்.

1924இல் அரசாங்கம் சைக்கிளுக்கு வரி போட்டது. வருடத்துக்கு 3 கில்டர். வரி கட்டியவர் ஒரு பித்தளைத் தகட்டைத் தனது சைக்கிளில் பொருத்த வேண்டும். தகடு இல்லாமல் பொலிசில் மாட்டினால் அபராதம். வேலையில்லாத ஏழைகளுக்குத் தகடு இலவசமாகக் கிடைத்தது, ஆனால் அதில் ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். தகட்டைப் பார்த்தாலே இவர் வறியவர் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். பிற்காலத்தில் அந்த வரிப் பணம் வீதி நிதிக்குப் போனது. அந்த நிதியில் போட்ட பெருந்தெருக்களின் பயன் கூடுதலாகக் காருக்குக் கிடைத்தது. சைக்கிளுக்கென்று போடப்பட்ட ஆரம்பகாலத் தனிப்பாதைகளிலும் பல, காரின் வழியிலிருந்து சைக்கிளை ஒதுக்கிவிடும் எண்ணத்தோடு போடப்பட்டவை. ஆகவே ஒரு ஊரில் சைக்கிள் பாதை இருக்கிறது என்பதை வைத்து மட்டும் அந்த ஊர் சைக்கிள்காரரை மதிக்கிறது என்று முடிவெடுக்க முடியாது. அது யாருடைய வசதிக்காகப் போடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிய இராணுவம் நெதர்லாந்தைப் பிடித்தது. சைக்கிள் வரி 1941இல் அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில்தான் நீக்கப்பட்டது. அடுத்த வருடம், யூதர்கள் தங்கள் சைக்கிள்களை ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிறகு மற்ற மக்களின் சைக்கிள்களையும் இராணுவம் பறிமுதல் செய்தது. ரயர் கிடைக்காத காலத்தில் வெறும் றிம்மிலும் சைக்கிள் ஓடினார்கள். ஒரு சமூகத்தை அடக்க நினைத்தவர்கள் முதலில் அதன் நடமாட்டத்தில்தான் கை வைத்தார்கள். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து சைக்கிள் மிதித்த நமது மூத்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

போர் முடிந்து 1950களில் நாடு செழிக்கத் தொடங்கியது. சம்பளம் கூடியது. தொழிலாளிக்கும் கார் எட்டக்கூடிய பொருளாகியது. நாம் இங்கே நியாயமாக இருக்க வேண்டும். கார் வாங்கிய அந்தத் தொழிலாளி கெட்டவரல்ல. மழையில் நனைந்து வேலைக்குப் போனவர், முதன்முறையாகக் குடும்பத்தோடு நனையாமல் போகிறார். நமது ஊரில் வெளிநாட்டில் உழைத்து முதல் மோட்டார் சைக்கிள் வாங்கியவரின் சந்தோஷமும் அதுதான். பிரச்சினை கார் வாங்கியதில் இல்லை. கார் வந்தபிறகு நகரமே காருக்காக மட்டும் என்று திட்டம் போட்டதில்தான் பிரச்சினை.

1954இல் ஆம்ஸ்டர்டாம் பொலிஸ் தலைவர் காஸ்யாகர், நகரத்தின் பழைய கால்வாய்களை நிரப்பி வீதியாக்கலாம் என்று யோசனை சொன்னார். 1967இல் அமெரிக்க நிபுணர் டேவிட் யோகினன் இன்னும் பெரிய திட்டத்தோடு வந்தார். தொழிலாளர் குடியிருப்புகளை இடித்து, கால்வாயை நிரப்பி, ஆறு வழிப் பெருந்தெருவை நகரத்தின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். இரண்டு யோசனைகளும் அப்படியே நிறைவேறவில்லை. ஆனாலும் வீடுகள் இடிபட்டன, வீதிகள் அகன்றன, சதுக்கங்கள் கார் தரிப்பிடங்களாகின. சைக்கிள் ஓட்டம் வருடா வருடம் குறைந்தது. இன்னும் கொஞ்ச நாளில் சைக்கிள் தானாகவே ஒழிந்துவிடும் என்று அன்றைய திட்டமிடுவோர் பலர் நம்பினார்கள்.

இதில் வேடிக்கையான ஒரு விடயமும் உண்டு. ஏஎன்டபிள்யூபி என்ற சங்கம் 1883இல் சைக்கிள் ஓட்டுவோருக்காகத் தொடங்கப்பட்டது. காலம் போகப் போக அதுவே கார் வைத்திருப்போரின் பெரிய சங்கமாகிவிட்டது. பெயரில் சைக்கிள் இருந்தது, குரலில் இல்லை. சைக்கிள்காரருக்காகப் பேச ஒரு அமைப்பு இல்லாத நிலை வந்தது.

முதல் எதிர்ப்பு 1965இல் "ப்ரோவோ" என்ற இளைஞர் குழுவிடமிருந்து வந்தது. அதில் லூட் ஸ்கிம்மல்பென்னிங்க் என்பவர் "வெள்ளைச் சைக்கிள்" திட்டத்தை முன்வைத்தார். நகரத்தின் மத்தியில் காரை நிறுத்திவிட்டு, வெள்ளை நிறம் பூசிய சைக்கிள்களைப் பொதுவில் விட வேண்டும், யாரும் எடுத்து ஓடி, போன இடத்தில் விட்டுவிடலாம் என்பது திட்டம். நகர சபை ஏற்கவில்லை. இளைஞர்கள் தாங்களே சில சைக்கிள்களுக்கு வெள்ளை பூசி வீதியில் வைத்தார்கள். பூட்டாத சைக்கிளை வீதியில் விடுவது சட்டப்படி குற்றம் என்று பொலிஸ் அவற்றைத் தூக்கிச் சென்றது. அவர்கள் இலக்கப் பூட்டுப் போட்டு, பூட்டைத் திறக்கும் இலக்கத்தைச் சைக்கிளிலேயே எழுதி வைத்தார்கள். அந்த நேரம் ஊர் அதை இளைஞர்களின் பகிடியாகத்தான் பார்த்தது. இன்று பல நாடுகளில் ஓடும் பொதுச் சைக்கிள் திட்டங்களின் தொடக்கமாக அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

ஊரை உலுக்கிய விடயம் பிள்ளைகளின் மரணம். 1971ஆம் ஆண்டில் மட்டும் நெதர்லாந்தின் வீதிகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானவர்கள் பிள்ளைகள். இந்த எண்ணை ஒரு தடவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நமது ஊர்களிலுள்ள ஒரு நடுத்தரப் பாடசாலையின் மொத்த மாணவர் தொகைக்குக் கிட்ட, ஒரே வருடத்தில்.

விக் லாங்கன்ஹொஃப் என்ற பத்திரிகையாளரின் மகளும் அவர்களில் ஒருத்தி. அவர் 1972இல் தான் வேலை செய்த "டி டெய்ட்" பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பின் கருத்து, பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள் என்பது. விபத்து என்ற சொல்லை விட்டுவிட்டுக் கொலை என்ற சொல்லை அவர் எடுத்தது பலருக்குக் கோபத்தை வரவழைத்திருக்கும். ஆனால் அந்தச் சொல்தான் பெற்றோரை எழுப்பியது. கட்டுரையின் தலைப்பையே பெயராகக் கொண்டு ஒரு இயக்கம் உருவானது. அதன் முதல் தலைவி மார்ட்யா வன் புட்டன் என்ற இளம் தாய். பின்னாளில் அவர் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினரானார்.

அந்தத் தாய்மாரும் தந்தைமாரும் என்ன செய்தார்கள்? விபத்து அடிக்கடி நடக்கும் சந்திகளில் போய் நின்றார்கள். பிள்ளைகளோடு சைக்கிள் ஊர்வலம் போனார்கள். வீதியின் நடுவே மேசை போட்டுச் சாப்பிட்டார்கள். பிரதமர் வீட்டு வாசலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பாட்டுப் பாடிக் கோரிக்கை வைத்தார்கள், பிரதமரும் வெளியே வந்து கேட்டார். ஏசுவதோடு நிற்காமல், குடியிருப்பு வீதி எப்படி அமைய வேண்டும் என்று மாற்றுத் திட்டங்களையும் முன்வைத்தார்கள். பிற்பாடு அரசாங்கமே அந்த இயக்கத்துக்கு உதவிப் பணம் கொடுத்தது.

ஆம்ஸ்டர்டாமில் டி பைப் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒடுங்கிய தெருக்கள், நெருக்கமான மாடி வீடுகள், உழைக்கும் மக்கள். 1972இல் அங்குள்ள பாடசாலைப் பிள்ளைகள் தங்களுக்கு விளையாட இடமில்லை, தெரு முழுக்கக் கார் என்று சொல்லித் தெருவை மறித்தார்கள். அது ஒரு தொலைக்காட்சி விவரணப் படத்தில் பதிவாகியிருக்கிறது. கார்க்காரர்கள் இறங்கி வந்து கத்துகிறார்கள், தடுப்பை இழுத்து அப்புறப்படுத்தப் பார்க்கிறார்கள், பிள்ளைகளும் பெற்றோரும் விடாமல் நிற்கிறார்கள். இன்று படத்தில் பார்த்து நாம் மெச்சும் நகரத்தின் உண்மையான பழைய முகம் அதுதான். அந்தக் கார்க்காரர்களும் வேற்று ஊரார் அல்லர். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். வேலைக்கு நேரமாகிறது என்ற அவசரம் அவர்களுக்கு.

அடுத்த வருடம் ஒக்டோபரில் அரபு–இஸ்ரேல் யுத்தம். இஸ்ரேலுக்கு ஆதரவாக நின்ற நாடுகளுக்கு எண்ணெய் இல்லை என்று அரபு நாடுகள் அறிவித்தன. நெதர்லாந்தும் அந்தப் பட்டியலில் இருந்தது. பிரதமர் யோப் டென் ஓய்லின் அரசாங்கம் 1973 நவம்பர் 4ஆம் திகதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டது. 1974 ஜனவரி ஆரம்பம் வரை அது நீடித்தது. பெருந்தெருக்களில் மக்கள் நடந்தார்கள், பிள்ளைகள் உருளைச் சப்பாத்து ஓடினார்கள், குடும்பங்கள் சைக்கிளில் போயின.

இந்த இடத்தில் நமக்கு 2022 ஞாபகம் வராமல் இருக்காது. பெற்றோல் வரிசையில் இரவிரவாகக் காத்து நின்றோம். ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்கு எரிபொருளே இல்லை என்று அரசாங்கம் நிறுத்தியது. பிறகு கியூஆர் அட்டை வந்தது. வீட்டுக் கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. ஆசிரியர்கள், வைத்தியர்கள், வங்கி அலுவலர்கள் எல்லோரும் மிதித்தார்கள். சைக்கிள் விலை ஏறி, பழைய சைக்கிளுக்கும் போட்டி வந்தது. அந்த மாதங்களில் வீதி எப்படி இருந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு ஊருக்கும் வந்த கஷ்டம் ஏறத்தாழ ஒன்று. விளைவு ஒன்றல்ல. அங்கே எண்ணெய் வரத்தொடங்கிய பிறகும் மக்கள் கேட்டதை நிறுத்தவில்லை. கார் இல்லாத வீதியைக் கண்ணால் கண்டுவிட்டோம், இது முடியாத காரியமல்ல என்ற வாதம் அவர்கள் கையில் இருந்தது. அதை எடுத்துப் பேச, எண்ணெய்ப் பிரச்சினைக்கு முன்னரே உருவான பெற்றோர் இயக்கமும் இருந்தது. இங்கே பெற்றோல் வந்ததும் சைக்கிள் மறுபடி கொட்டிலுக்குப் போய்விட்டது. அந்த அனுபவத்தை ஒரு கோரிக்கையாக எழுதிப் பிரதேச சபையில் வைக்க நம்மிடம் ஒரு அமைப்பு இருக்கவில்லை. தட்டுப்பாடு தானாக ஊரை மாற்றாது. கேட்க ஆள் இருந்தால்தான் மாறும்.

1975இல் சைக்கிள் ஓட்டுவோருக்கென்று புதிய சங்கம் ஒன்று பிறந்தது. பழைய சங்கத்தைக் கிண்டல் செய்து, உண்மையான சைக்கிள் சங்கம் நாங்கள்தான் என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். பழைய சங்கம் ஆட்சேபித்ததால் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. இந்தப் புதியவர்கள் இரவோடிரவாக வீதியில் சைக்கிள் பாதைக்குக் கோடு வரைந்தார்கள். பொலிஸ் பிடித்தது. ஆனால் அந்தப் பாதைகளைப் பற்றிய பேச்சு நகர சபைக்குள் போய்விட்டது. ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்ட சைக்கிள் ஊர்வலங்கள் வருடா வருடம் நடந்தன. அதே 1975இல் நியூமார்க்ட் என்ற பழைய குடியிருப்பில் மெட்ரோ ரயிலுக்காகவும் பெருந்தெருவுக்காகவும் வீடுகளை இடிக்கப் போனபோது பெரிய கலவரமே வந்தது. மெட்ரோ வந்தது, பெருந்தெரு கைவிடப்பட்டது. பழைய தெரு அமைப்பிலேயே வீடுகளை மறுபடி கட்டினார்கள்.

1978 நகர சபைத் தேர்தலுக்குப் பிறகு மைக்கேல் வன் டெர் ஃப்ளிஸ் போக்குவரத்துப் பொறுப்பை ஏற்றார். சைக்கிளுக்கும் பொதுப் போக்குவரத்துக்கும் இடம், மத்தியில் காருக்குக் குறைவு என்ற கொள்கை அப்போதுதான் நகரத்தின் எழுத்துமூலத் திட்டமாகியது. அங்கேயும் வியாபாரிகள் பயந்தார்கள். ஹேக் நகரத்தில் அரசாங்கம் பரீட்சார்த்தமாகச் சைக்கிள் பாதை போட்டபோது, கார் நிற்க இடமில்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். கடைக்காரரின் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது, அவருடைய அடுப்பும் எரிய வேண்டும். பாதை திறந்த பிறகு அந்த வழியில் சைக்கிள் ஓட்டம் நன்றாகவே கூடியது. சைக்கிளில் வருகிறவரும் கடையில் சாமான் வாங்குகிறவர்தான்.

கோடு போடுவதோடு மட்டும் அவர்கள் நிற்கவில்லை. மூன்று வேலை செய்தார்கள்.

முதலாவது, வீதிகளைப் பிரித்தார்கள். தூரத்துக்குப் போகும் வாகனத்துக்கு ஒரு வீதி, வீடுகள் இருக்கும் தெரு வேறு. வேகம் கூடிய வீதியில் சைக்கிளுக்குத் தனிப் பாதை, நடுவில் தடுப்பு. வீட்டுத் தெருவில் தனிப் பாதை தேவையில்லை, அங்கே காரின் வேகத்தைக் குறைத்தார்கள். டெல்ஃப்ட் நகரத்தில் தொடங்கிய "வூனெர்ஃப்" முறை இதற்கு உதாரணம். தெருவில் மரம், வளைவு, மேடு வைத்து, கார் நடைவேகத்தில் மட்டும் போகக்கூடியதாக அமைப்பார்கள். 1976இல் இதற்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

இரண்டாவது, வேகம். இதை நமது விஞ்ஞான பாடத்தைக் கொண்டே விளங்கலாம். இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். மணிக்கு 30 கிலோமீற்றரில் வரும் வாகனம் 50இல் வந்தால், இடிக்கும் சக்தி கிட்டத்தட்ட 2.8 மடங்காகிறது. பிள்ளையின் உடம்பு அதே உடம்புதான்.

மூன்றாவது, சட்டம். அங்கே கார் ஒன்று சைக்கிள்காரரையோ பாதசாரியையோ மோதினால், நட்டஈட்டுப் பொறுப்பு பெரும்பாலும் வாகனப் பக்கத்துக்குத்தான். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால், பிள்ளை வேண்டுமென்றே செய்ததற்கு ஒப்பான அரிதான நிலை தவிர, முழுச் சேதத்துக்கும் வாகனப் பக்கமே பொறுப்பு. பிள்ளை திடீரென்று குறுக்கே வந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. சாரதியைச் சிறையில் போடும் சட்டம் என்று இதைச் சிலர் பிழையாக விளங்குகிறார்கள். அப்படியல்ல, இது நட்டஈடு பற்றியது. பிள்ளை பிழைவிடும், பெரியவர் அதை எதிர்பார்த்து ஓட்ட வேண்டும் என்பதுதான் அதன் உட்கருத்து.

இனி, அங்கே சண்டை முடிந்துவிட்டதா? இல்லை. ரைக்ஸ்மியூசியம் என்ற பெரிய அரும்பொருட்காட்சிச்சாலையின் கட்டடத்துக்கு நடுவால் ஒரு சைக்கிள் வழி போகிறது. 2003இல் திருத்த வேலைக்காகக் கட்டடம் மூடப்பட்டபோது, இனிச் சைக்கிள் வேண்டாம் என்று நிர்வாகம் விரும்பியது. சைக்கிள் சங்கம் விடவில்லை. பத்து வருடம் இழுபட்டு, 2013 மே மாதம் வழி மறுபடி சைக்கிளுக்குத் திறந்தது.

சிறிய ஸ்கூட்டர்கள் சைக்கிள் பாதையில் ஓடுவது பெரிய வாக்குவாதமாகியது. 2019 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் பல இடங்களில் அவற்றைப் பிரதான வீதிக்கு மாற்றி, தலைக்கவசமும் கட்டாயமாக்கியது. ஸ்கூட்டர்காரர் அதை விரும்பவில்லை. அதே வருடம் ஜூலையில், சைக்கிள் ஓடிக்கொண்டு கையில் போன் பிடிப்பதை நாடு முழுவதும் தடை செய்தார்கள். 2023 டிசம்பர் 8இல் நகரத்தின் பெரும்பாலான வீதிகளில் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீற்றராக்கப்பட்டது. பஸ் தாமதமாகும், அம்புலன்ஸ் தாமதமாகும் என்று எதிர்ப்பு வந்தது. கார் தரிப்பிடங்களைக் குறைப்பதும் தீராத தகராறு. சைக்கிள்காரர் சிவப்பு விளக்கை மதிப்பதில்லை என்று கார்க்காரரும், எங்களை இடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நடந்து போகும் முதியவரும் முறையிடுகிறார்கள். அந்த முறைப்பாடுகளில் உண்மையும் இருக்கிறது. பலம் கைக்கு வந்தபிறகு, தன்னைவிட மெதுவானவரை மறந்துவிடுவது காருக்கு மட்டும் உரிய குணமல்ல.

மரணமும் அடியோடு ஒழியவில்லை. 2022இல் நெதர்லாந்து வீதிகளில் 745 பேர் இறந்தார்கள். அவர்களில் 291 பேர் சைக்கிள் ஓட்டியவர்கள். அவர்களில் கணிசமானோர் வயதானவர்கள், மின்சாரச் சைக்கிளில் போனவர்களும் உண்டு. ஆனால் 3,300 என்ற எண் 745ஆக வந்திருக்கிறது. வருடத்துக்கு 400க்கு மேல் இருந்த பிள்ளைகளின் மரணம் சில பத்து என்ற அளவுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த நாட்டின் சனத்தொகை ஒரு கோடியே 80 இலட்சத்துக்குக் கிட்ட. நமது நாட்டின் சனத்தொகை அதைவிடக் கொஞ்சம்தான் கூட. நமது வீதிகளில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் மௌத்தாகிறார்கள்.

ஆகவே சைக்கிளுக்கு நல்ல ஊர் என்றால் சண்டையே இல்லாத ஊர் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் சண்டை இருக்கிறது. முன்பு அந்தச் சண்டைக்கு விலையாகப் பிள்ளைகளின் உயிர் போனது. இன்று ஒரு தரிப்பிடம் போகிறது, ஐந்து நிமிடம் தாமதமாகிறது, நகர சபைக் கூட்டத்தில் சத்தம் கேட்கிறது. பிள்ளை வீட்டுக்கு வந்து சேர்கிறது. அவர்கள் சம்பாதித்தது அதைத்தான். அதற்கு வீதியும் சட்டமும் மாற வேண்டியிருந்தது. மனம் மாறும்வரை காத்திருந்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இன்னொரு விடயம். மொரோக்கோவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் அங்கே குடியேறிய நமது சகோதரிகள் பலர் சைக்கிள் ஓடத் தெரியாமல் வந்தவர்கள். குடியிருப்புகளின் சமூக நிலையங்களில் வகுப்புக்குப் போய், பெரியவர்களாகிய பிறகு பழகி, முந்தானையோடும் ஹிஜாபோடும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்கிறார்கள். "அவங்கட கலாசாரம்" என்று நாம் சொல்வது, வழி பாதுகாப்பாக இருந்தால் யாரும் பழகக்கூடிய ஒரு பழக்கம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

நமது ஊரின் நிலை வேறு என்பது நமக்குத் தெரியும். நம்மிடம் கால்வாய்க் கரையும் இல்லை, சைக்கிள் பாதைக்குக் காணியும் இல்லை. நமது சண்டை காருக்கும் சைக்கிளுக்கும் இடையில் மட்டுமல்ல. மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, பாடசாலை வேன், மீன் லொறி எல்லாம் ஒரே ஒடுங்கிய வீதியில். ரியூசன் முடிந்து மஃரிபுக்கு முன்னர் வீட்டுக்கு ஓடும் பிள்ளையின் சைக்கிளில் லைட்டும் இல்லை. அந்தப் பிள்ளை மதகுக்குப் பக்கத்தில் ஒதுங்கும் இடத்தில் கல்லும் மண்ணும் குவித்திருக்கும். வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மதரசாவில் ஓதிய சமூகம் நாம். வீதிக்கும் ஒரு ஹக் உண்டு என்று சொல்லித்தந்த மார்க்கம் நம்முடையது. அந்தக் குவியல் யாருடையது என்று நமக்குத் தெரிந்தும் வாய் திறப்பதில்லை.

ஆம்ஸ்டர்டாமை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. அந்தத் தாய்மார் செய்த முதல் வேலையை மட்டும் செய்து பார்க்கலாம். காலை 7 மணியிலிருந்து 7.30 வரைக்கும், பாடசாலை விடும் 1.30இலிருந்து 2 மணி வரைக்கும், பாடசாலை வாசல் தெருவை வாகனங்களுக்கு மூட வேண்டும் என்று கேட்கலாம். நாளைக்கு ஒரு மணித்தியாலம், ஒரு தெரு மட்டும். அந்தத் தெருவில் வீடும் கடையும் உள்ளவர்களோடு முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். அம்புலன்ஸுக்கும் நோயாளிக்கும் வழி விட வேண்டும். வேன்காரர்களுக்கு அரைக் கட்டை தள்ளி நிறுத்த ஒரு இடம் காட்ட வேண்டும். அவர்களைக் குற்றவாளியாக்கிப் பேசினால் காரியம் நடக்காது, அவர்கள் ஏற்றி வருவதும் நமது பிள்ளைகளைத்தான்.

இதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், பிரதேச சபை, பொலிஸ் ஆகிய நான்கு தரப்பும் சேர்ந்து ஒரு தவணைக்கு மட்டும் பரீட்சித்துப் பார்க்கலாம். சரிவராவிட்டால் தவணை முடிவில் திறந்துவிடலாம். இதற்குக் காசு தேவையில்லை. நான்கு தடுப்புக்களும், முறைவைத்து நிற்கப் பெற்றோர் எட்டுப் பேரும் போதும்.

நிற்க விருப்பமுள்ளவர்கள் கீழே பெயரை எழுதுங்கள். வேண்டாம் என்கிறவர்களும் காரணத்தை எழுதுங்கள், அந்தக் காரணங்களையும் சேர்த்துத்தான் கோரிக்கைக் கடிதம் எழுத வேண்டும். அடுத்த வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்போம்.

அல்லாஹ் நமது பிள்ளைகளின் போக்குவரத்தைப் பாதுகாப்பானதாக ஆக்கி வைப்பானாக.

வஸ்ஸலாம்.